கொல்லிமலையா, ஜவ்வாது மலையா? மலைக்கிராமம் பார்க்கக் கிளம்புமுன் ஓர் அலசல்

கையில் இரண்டு நாள் இருக்கிறது, ஊட்டி, கொடைக்கானல் கூட்டம் வேண்டாம், வயலும் அருவியும் உள்ள மலைக்கிராமத்தில் தங்கவேண்டும் என்று கேட்பவர்களிடம் பெரும்பாலும் இரண்டு பெயர்களைத்தான் சொல்வார்கள். ஒன்று நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. இன்னொன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை. ஏலகிரியை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவிடலாம் என்பது வசதிதான். ஆனால் அங்கே விடுதிகளைத் தாண்டி ஊருக்குள் போய்ப் பழக வாய்ப்புக் குறைவு.

இரண்டு மலைகளிலும் வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். இந்தப் பெயருக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆக, மக்கள் ஒரே மக்கள்தான். பாதை, தண்ணீர், வயல், இரவு ஆகிய நான்கில்தான் மலைகள் வேறுபடுகின்றன.

பாதை

கொல்லிமலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அதன் 70 கொண்டை ஊசி வளைவுகள்தான். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம் வந்தால் அங்கிருந்து வளைவுகள் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருப்பார்கள். முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதையும் உண்டு. ராசிபுரம் பக்கமிருந்து வருபவர்களுக்கும் வளைவுக்குப் பயப்படுபவர்களுக்கும் அதுவே நல்லது.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் தப்பு நடக்கிறது. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் மூன்றாம், நான்காம் கியரில் வைத்துக்கொண்டு பிரேக்கை விடாமல் மிதித்தே இறங்குவார்கள். பாதி மலை வருவதற்குள் பிரேக் சூடேறிக் கருகல் வாடை வரும், அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்துவைக்கும். வாடை வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி இருபது நிமிடமாவது ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வளைந்துவிடும். குறுகிய வளைவில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதை முறை. குமட்டல் வருபவர்கள் மாத்திரையைக் காரவள்ளியில் போட்டுப் பயனில்லை, அரை மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும்.

ஜவ்வாது மலைக்குப் போளூரிலிருந்து மலைமேல் உள்ள முக்கிய ஊரான ஜமுனாமரத்தூர் போகும் சாலையே எளிது. வளைவுகள் உண்டு என்றாலும் எண்ணிக்கையும் நெருக்கமும் குறைவு. வாணியம்பாடி, ஆலங்காயம் பக்கமிருந்து ஏறினால் வழியிலேயே வானாய்வகம் உள்ள காவலூர் வந்துவிடும். புதிதாகக் கார் ஓட்டக் கற்றவர்களும், வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களும் யோசிக்காமல் ஜவ்வாதைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த மலையானாலும் பெட்ரோலை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், சில்லறையாகப் பணமும் வைத்திருங்கள். செல்போன் சிக்னல் எல்லா ஊரிலும் கிடைக்காது.

தண்ணீர்

இதில் கொல்லிமலைக்கு எதிராள் இல்லை. பெரியகோவிலூர் அறப்பளீஸ்வரர் கோவிலுக்குப் பின்னாலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. அய்யாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. படிகள் ஒரே அளவில் இருக்காது, சில இடங்களில் முழங்கால் உயரம். இறங்க முக்கால் மணி நேரம் போதும், ஏற அதைப்போல் இருமடங்கு வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது யாருக்கும் களைப்பு தெரியாது. குளித்து, கால் சில்லிட்டுப்போன பிறகு ஏறத் தொடங்கும்போதுதான் தொடை பிடித்துக்கொள்ளும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் கொஞ்சம் வெல்லமோ கடலை மிட்டாயோ ஏறும் நேரத்துக்காக மிச்சம் வையுங்கள். பிற்பகலில் சீக்கிரமே கீழே விடுவதை நிறுத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது உத்தமம். முட்டி வலி உள்ளவர்கள் இதை விட்டுவிட்டு மாசிலா அருவிக்குப் போகலாம், நடை மிகக் குறைவு.

ஐப்பசி, கார்த்திகையில் கனமழை பெய்தால் குளிக்கத் தடை வரும். பங்குனி, சித்திரையில் அருவி நூலாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் மார்கழி, தை மாதங்கள் நல்லவை.

ஜவ்வாதின் பீமன்மடவு அருவி மழைக்காலத்தில் மட்டும்தான் அருவி. அருவிக்காக மட்டும் ஜவ்வாது போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

வயல்

மலையைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் யோசிக்காமல் விடுவது இதைத்தான். மலைக்கிராமப் பண்பாடு என்பது மேடையில் ஆடும் ஆட்டம் அல்ல, அந்த மாதத்தில் வயலில் என்ன வேலை நடக்கிறதோ அதுதான்.

கொல்லிமலையில் கட்டவெட்டி, பெருஞ்சாமை என்று சாமையிலேயே பல நாட்டு ரகங்கள் இருந்தன. ஜவ்வரிசி செய்யும் சேலம், ராசிபுரம் சேகோ ஆலைகளுக்கு மரவள்ளி தேவைப்பட்டதும் நிலங்கள் அதற்கு மாறிவிட்டன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதை சேமிப்பையும் உமி நீக்கும் எந்திரங்களையும் கொண்டுவந்து மீட்க உழைத்தும், இன்று சாலையோரம் கண்ணில் படுவது மரவள்ளியும், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியும், அதன் நிழலில் காப்பிச் செடியும்தான். தோட்டம் பார்க்கப் பிடிக்கும் என்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது. தை, மாசியில் போனால் வாசலெல்லாம் பாயில் மிளகு காயும். பச்சையாக இருந்த மணி ஓரிரு நாளில் பழுப்பாகி, பிறகு சுருங்கிக் கறுக்கும் அந்த மாற்றத்தை ஒரே தெருவில் பார்த்துவிடலாம்.

சாமை வயல் வேண்டும் என்றால் ஜவ்வாது. ஆடியில் விதைத்த சாமை ஐப்பசி, கார்த்திகையில் கதிர் சாயும். அறுப்பு நாளில் போய்விட்டால் களத்தில் கதிர் அடிப்பதையும் முறத்தில் தூற்றுவதையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். தங்கும் வீட்டில் சாமைச் சோறு வேண்டுமென்று முந்தின நாளே சொல்லுங்கள். கல் அரிக்கவே நேரம் பிடிக்கும் தானியம் அது. ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். கூடுதலாக ஊற்றினால் குழைந்து களியாகிவிடும்.

கீழ்செப்பிலி பக்கத்துக் கற்திட்டைகளும் ஜவ்வாதின் செல்வம். பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல் வைத்த பெருங்கற்காலக் கட்டுமானங்கள். ஊரில் வாலியர் வீடு என்பார்கள். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகத் தேடினால் புதர்தான் கிடைக்கும். மூடுகல் மேல் ஏறி நின்று படமெடுப்பவர்களைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. ஒரு கல் சரிந்தால் அதைத் திருப்பி வைக்க யாராலும் முடியாது.

திருவிழா என்றால் கொல்லிமலைதான். ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழா. அறப்பளீஸ்வரர் கோவிலுக்குச் சமவெளி மக்களும் திரண்டு வருவார்கள். விழா பார்க்க அந்த நாள், ஊர் பார்க்க வேறு நாள். இரண்டையும் சேர்த்தால் இரண்டுமே நிறைவாக இருக்காது. கோவில்காடு என்று ஊரார் காத்துவரும் தெய்வக் காடுகளில் செருப்போடு நுழைய வேண்டாம், சுள்ளிகூட ஒடிக்க வேண்டாம்.

இரவு

காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. ஊர் வெளிச்சம் எட்டாத வானம் என்பதும் இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். பொதுமக்களைப் பார்க்கவிடும் நாளையும் பதிவு முறையையும் கிளம்புமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐப்பசி மழையில் போனால் மேகம்தான் தெரியும். தை முதல் பங்குனி வரை, அமாவாசையை ஒட்டிய நாட்கள் சிறந்தவை. ஆய்வகத்துக்குள் போக முடியாவிட்டாலும் ஜமுனாமரத்தூரில் விளக்கணைத்த முற்றத்தில் கால் மணி நேரம் செல்போனைத் தொடாமல் உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரமாவது ஆகும்.

ஒரே ஒரு மலைக்குத்தான் போக முடியும், ஊர் மக்களோடு இருக்கவேண்டும் என்றால் எங்கள் ஓட்டு கார்த்திகை மாத ஜவ்வாதுக்கு. கால் பலமாக இருக்கிறது, அருவிதான் ஆசை என்றால் மார்கழியில் கொல்லிமலை.

வாங்கி வருவது

கொல்லிமலையில் மிளகு வாங்கும்போது ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முற்றிய மணி அடியில் தங்கும், பொக்கும் பப்பாளி விதையும் மிதக்கும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் முடவாட்டுக்கால் கிழங்கை எல்லா நோய்க்கும் மருந்து என்று விற்பார்கள். சூப்புக்கு ஒரு துண்டு போதும், வேரோடு பெயர்த்த கிழங்கு அதே பாறையில் மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும். ஜவ்வாதில் சாமை அரிசி வாங்கினால் வெள்ளையாகத் தீட்டியதை விட்டு மங்கலான நிறத்ததை எடுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், இரண்டு கிலோ வாங்கினால் போதும்.