அமிகா 500-ஆ, அட்டாரி எஸ்டி-யா: பழைய கணினி வாங்க நினைப்பவர்களுக்கு

இரண்டும் 1980களின் வீட்டுக் கணினிகள்: அமிகா கொமடோர் கம்பெனியுடையது, எஸ்டி அட்டாரியுடையது. நான் வாங்கியது அமிகா 500. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

இரண்டும் பரம எதிரிகள் என்பார்கள், ஆனால் கதை அதைவிடச் சிக்கலானது. கொமடோரைத் தொடங்கி, கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினி வரை வளர்த்த ஜாக் டிரமியல் 1984 ஜனவரியில் அங்கிருந்து வெளியேறி, அதே ஆண்டு ஜூலையில் அட்டாரியை அப்போது வைத்திருந்த வார்னர் நிறுவனத்திடமிருந்து அட்டாரியின் வீட்டுக் கணினிப் பிரிவை வாங்கி, 1985இல் எஸ்டி-யைக் கொண்டுவந்தார். அமிகாவை உருவாக்கிய சிறு நிறுவனத்துக்கு முதலில் பணம் கொடுத்திருந்தது டிரமியல் வாங்குவதற்கு முன்பிருந்த பழைய அட்டாரி. கடைசியில் அந்த நிறுவனத்தை வாங்கியது கொமடோர். ஆக, தான் வளர்த்த கம்பெனியோடுதான் டிரமியல் மோதினார்.

திறனைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டிலும் மோட்டோரோலா 68000 பிராசஸர்தான். படமும் ஒலியும் அமிகாவில் மேல்: தேர்ந்தெடுக்க 4096 நிறங்கள், நான்கு தடங்களில் ஒலி. எஸ்டி-யில் மின்னணு இசைக்கருவிகளைக் கணினியோடு இணைக்கும் மிடி இணைப்பு கூடவே வரும், அதனால் இசைக் கலைஞர்கள் அதைக் கொண்டாடினார்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான் என்றால் எஸ்டி-யையே வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம்.

மற்றவர்கள் பார்க்க வேண்டியது பராமரிப்பு ஒன்றைத்தான். கொமடோர் 1976இல் மாஸ் டெக்னாலஜி என்ற சிப் கம்பெனியை வாங்கியது. சிப்பை வெளியில் வாங்காமல் சொந்தத் தொழிற்சாலையில் செய்ததால்தான் மற்றவர்களைவிட மலிவாக விற்க முடிந்தது. கொமடோர் 64 அத்தனை வீடுகளுக்குள் நுழைந்ததற்கு அது பெரிய காரணம். ஆனால் 1994 ஏப்ரல் 29 அன்று கம்பெனி திவாலானது, சொத்துகளை 1995இல் வாங்கிய எஸ்காம் மறு ஆண்டே திவாலானது. படத்தையும் ஒலியையும் கவனிக்கும் அக்னஸ், டெனிஸ், பவுலா என்ற அமிகாவின் தனிச் சிப்புகள் அந்தத் தொழிற்சாலையிலிருந்து அப்புறம் வரவில்லை. பெரும்பாலும் பழைய போர்டிலிருந்துதான் கழற்ற வேண்டியிருக்கும்.

எஸ்டி-யின் தனிச் சிப்புகளுக்கும் இதே நிலைதான். ஆனாலும் அமிகா 500-இல் இந்தச் சிப்புகள் சாக்கெட்டில் உட்கார்ந்திருப்பதால் சால்டர் இல்லாமலே மாற்றலாம், கெபாசிட்டர்களும் கால் நீண்ட பழைய ரகம், கைக்கு வசமாக வரும். பவர் சப்ளை தனிப் பெட்டி, பழுதானால் புதியதை வாங்கிச் செருகினால் போதும். எஸ்டி-யின் எஸ்டிஎஃப்எம் மாடலில் அது கணினிக்குள்ளேயே இருக்கிறது, திறந்து பார்க்காமல் அதன் நிலை தெரியாது. (எஸ்டி-யை நான் நண்பரிடம் கொஞ்ச நாள் பயன்படுத்தியதோடு சரி, வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் இதில் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.)

ஃபிளாப்பி விஷயத்தில் எஸ்டி-க்குத்தான் என் ஓட்டு. அதன் வட்டு அமைப்பு பழைய பிசிக்களின் டாஸ் வடிவத்தை ஒட்டியது. அமிகாவின் 880 கேபி வட்டைச் சாதாரண பிசி டிரைவ் படிக்காது. ஃபிளாப்பி டிரைவுக்குப் பதிலாக கோடெக் (Gotek) என்ற கருவியைப் பொருத்தி யூஎஸ்பியில் ஓட்டுபவர்களுக்கு இந்த வித்தியாசமும் போய்விடும்.

அமிகா என்றவுடன் எந்த மாடலாக இருந்தாலும் வாங்கிவிடாதீர்கள். 1991இல் வந்த 500 பிளஸில் போர்டு மேலேயே பேட்டரி இருக்கிறது, அது கசிந்து அடியிலுள்ள செம்புத் தடங்களை அரித்துவிடும். 600, 1200 இரண்டிலும் சிறு கெபாசிட்டர்கள் கசியும். சாதாரண 500-இன் போர்டில் பேட்டரி கிடையாது, ஆனால் அடிமூடிக்குள் செருகும் 512 கேபி நினைவக அட்டைகள் பலவற்றில் இருக்கும். விற்பவர் ‘நன்றாக ஓடுகிறது’ என்று சொன்னாலும் அந்த அட்டையைக் கழற்றி இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பச்சையாகப் பூத்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள் அல்லது விட்டுவிடுங்கள்.