ஒன்பது வருட மணிப்பெட்டி

பக்கத்துத் தெருத் தோழி கேட்டாள்: "உன் பிள்ளைகள் மூணு பேருக்கும் ஓடிடுச்சே, அந்த மாண்டிசோரி மணிப்பெட்டியை எனக்குக் கொடேன். பாதி விலை தரேன்."

மூன்று பேருக்கும் வீட்டிலேயே நான்தான் பாடம் நடத்துகிறேன். எண்ணையும் கணக்கையும் மணிகளால் பழக்கும் இந்தப் பெட்டி 2016இல் பெரியவளுக்காக வாங்கியது. ஒன்றுக்கு ஒற்றை மணி, பத்துக்குப் பத்து மணி கோத்த கம்பி, நூறுக்குப் பத்துக் கம்பி சேர்ந்த சதுரம், ஆயிரத்துக்குப் பத்துச் சதுரம் அடுக்கிய கனசதுரம். இந்தக் கல்விமுறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் பெயர் போட்டால் விலை கேட்கவா வேண்டும்! ஆனால் கடன் வாங்கிக் கழித்தலுக்கு இதை அடிக்க ஆளில்லை. 42இல் 17 போக வேண்டுமா? இரண்டு மணியிலிருந்து ஏழை எடுக்க முடியாது. ஒரு பத்துக் கம்பியைக் கொடுத்துப் பத்து ஒற்றை மணியாகச் சில்லறை மாற்று, அவ்வளவுதான். பெரியவளுக்கு ஒரே வாரத்தில் பிடிபட்டது. இந்த வருடம் 14 நிரம்பி, திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிந்திருக்கிறாள்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். அவளுக்கு அன்று தட்டில் துணி விரித்து நடத்திய பாடத்தை, மூன்றாமவனுக்குக் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே நடத்துகிறேன். கேள்வியை முடிப்பதற்குள் நடுவன் பதிலைச் சொல்லிவிடுவான். வெளியே அனுப்பினால் ஜன்னல் வழியாகச் சொல்வான். சின்னவனோ மேசைக்கடியில் அண்ணன் சொல்லும் வாய்ப்பாட்டைக் கேட்டே வளர்ந்தவன். ஒருநாள், "ஏழெட்டுக் கத்திரிக்காய் எடுத்துட்டு வாடா" என்றேன். "அம்பத்தாறு இல்லம்மா, கூடையில அஞ்சுதான் இருக்கு" என்றான். பெருக்கல் என்றால் என்னவென்றே அப்போது தெரியாது அவனுக்கு.

போன மாதம் அதே 42, 17. சின்னவன் 24 என்றான். திட்டினேன். திரும்பச் செய்தான், திரும்பவும் 24. "ரெண்டு கம்பி, அஞ்சு மணி. 25தானேடா?" "நீ எண்ணிப் பாரும்மா." எண்ணினேன். ஒரு கம்பியில் ஒன்பது மணிதான்! ஏழு வயதில் நுனி விட்டுப்போனதைக் குறடால் வளைத்து மூடினேன் என்று பெரியவள் இப்போது சொல்கிறாள். இத்தனை வருடமாக அந்தக் கம்பியை வைத்து இரண்டு பேரும் சரியான விடைதான் சொல்லியிருக்கிறார்கள்.

தோழிக்கு என் பதில்: வாங்காதே. ஈர்க்குக்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வை, போதும். என்னுடையதைக் கேட்காதே, தரமாட்டேன். அந்த ஒன்பது மணிக் கம்பியில் சின்னவன் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறான்.