சீனி வருத்தக்காரனும் நிக்கான் பி950உம்

இரண்டு வருடத்துக்கு முன் டொக்டர் என்னை நடக்கச் சொன்னார். சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது, மருந்து இப்போது வேண்டாம், தினமும் முக்கால் மணித்தியாலம் நடவுங்கள் என்றார். திருகோணமலைக் கடற்கரையில் ஒரு மாதம் நடந்து பார்த்தேன், ஒரே மணல், ஒரே முகங்கள், அலுத்துப் போய்விட்டது. அப்புறம்தான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தம்பலகாமத்து வயல் பக்கம், கன்னியா ரோட்டு, இறக்கக்கண்டிக் களப்பு என்று போய், வண்டியை எங்காவது நிழலில் விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினேன். வயலில் இறங்கி நடக்கிற எவனுக்கும் கொக்கைக் கண்டால் படம் எடுக்கத்தான் தோன்றும், ஆனால் போனில் எடுத்தால் அந்தக் கொக்கு ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் வரும். அந்தப் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து எரிச்சல் வந்துதான் நிக்கான் கூல்பிக்ஸ் பி950 கமரா வாங்கினேன், இரண்டாம் கையாக. ஒரு வருடத்துக்கு மேல் பாவித்தாயிற்று. ஊர்ப்பக்கம் நடக்கிறவர்களுக்கு இது சரிவருமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், அவர்களுக்காகத்தான் இது.

வாங்கின கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு கடை. இரண்டு பெற்றரியோடு தருகிறோம் என்றார்கள், தந்தார்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டாவது வயிறு ஊதிப்போய்க் கிடக்கிறது. திரும்பிப் போகும் பஸ் காசுக்கே புதுசு வாங்கலாம் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் பெற்றரியைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

சரி, கமராவுக்கு வருவோம். 2020இல் வந்த மொடல். லென்ஸ் கழற்ற முடியாது, அதுதான் இதன் சுகமே. 24 மில்லிமீற்றர் அகலத்தில் (இந்த இலக்கம் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டத் தெரியும்) முழு வயலையும் வானத்தையும் எடுத்துவிட்டு, அதே இடத்தில் நின்றபடி 2000 வரைக்கும் போகலாம், 83 மடங்கு. குளத்தின் அடுத்த கரையில் பட்டமரத்தில் இருக்கும் செம்பருந்தின் கண் தெரியும். ஒரு பையில் நாலு லென்ஸைச் சுமந்துகொண்டு வரம்பில் வழுக்காமல் நடக்க என்னால் முடியாது, அதனால் எனக்கு இது போதும். ஆனால் பாரம் 1005 கிராம். சீனி வருத்தத்துக்கு நடக்கிறவன் ஒரு கிலோ சீனியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிற மாதிரி என்று மனைவி சொல்கிறாள். பெட்டியோடு வந்த கழுத்துப் பட்டியை விட்டுவிட்டு, தோளுக்குக் குறுக்காகப் போடுகிற அகலப் பட்டி ஒன்று வாங்கிப் போட்ட பிறகுதான் கழுத்து வலி விட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது லென்ஸின் இடப்பக்கம் இருக்கும் ஒரு சின்னப் பொத்தான். முழு ஜூமில் வைத்துக்கொண்டு ஒரு மீன்கொத்தியைத் தேடிப் பாருங்கள், வானமும் இலையும்தான் தெரியும், குருவி எங்கே என்றே பிடிபடாது. அந்தப் பொத்தானை அமத்தினால் காட்சி விரிந்து சுற்றுப்புறம் தெரியும், குருவியை நடுவில் கொண்டுவந்து கையை எடுத்தால் பழையபடி கிட்ட போய்விடும். இந்த ஒரு பொத்தான் இல்லையென்றால் கமராவை எப்போதோ விற்றிருப்பேன். சுற்றும் டயலில் பறவைக்கு என்று தனியாக ஒரு இடம் இருக்கிறது, நிலவுக்கு ஒன்று இருக்கிறது. நிலவை எடுத்து வட்டக் குழிகளைக் காட்டினால் வீட்டுப் பிள்ளைகள் ஒரு கிழமைக்கு உங்களை விஞ்ஞானி என்று நினைப்பார்கள்.

இனி எவரும் சொல்லித் தராததைச் சொல்கிறேன். 2000 மில்லிமீற்றர் என்பது காலை எட்டரை மணி வரைக்கும்தான். அதற்குப் பிறகு திருகோணமலை வெயிலில் வயலுக்கு மேலே காற்று சூடாகி, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலங்கி, ஒளியை வளைத்து வளைத்து அனுப்பும். தார் ரோட்டில் கானல் அலைகிற மாதிரிதான், ஜூம் கூடக் கூட அந்த அலையும் பெருத்துத் தெரியும். முதல் மாதம் நான் கமரா பழுது என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொண்டேன். எடுத்த நாரைகள் எல்லாம் தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி. பழுது கமராவில் இல்லை, பிளேன்டீ குடித்துவிட்டு ஆறுதலாக ஒன்பதரைக்கு வெளிக்கிட்டுப் போன என்னில். நிலாவெளிக் கரையில் நின்று ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் புறாத்தீவைப் பிடிக்கப் போனபோதும் இதே கதைதான், பாறை தெரிந்தது, பாறையில் இருந்தது புறாவா கல்லா என்று தெரியவில்லை. விடிய ஆறரைக்குப் போய்ப் பாருங்கள், அதே கமரா வேறு கமராவாகிவிடும்.

கை நடுக்கத்துக்கு உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது, ஆனாலும் முழு ஜூமில் மூச்சு விட்டாலே படம் ஆடும். முக்காலி தூக்க எனக்குப் பஞ்சி. பழைய சீலைத் துண்டில் ஒரு சின்னப் பை தைத்து நெல் நிரப்பி வைத்திருக்கிறேன், மோட்டார் சைக்கிள் சீற்றிலோ வேலிக் கட்டையிலோ வைத்து அதற்கு மேல் லென்ஸைச் சாய்த்தால் கல் மாதிரி நிற்கும். (முதல் பையை எலி கடித்துவிட்டது. இப்போது டின்னுக்குள் வைக்கிறேன்.)

குறை என்று சொன்னால் இருட்டு. உள்ளே ஒளியைப் பிடிக்கிற சென்சார் சின்ன விரல் நகத்தை விடச் சிறியது, முழு ஜூமில் ஒளி புகும் துவாரம் எஃப் 6.5க்குச் சுருங்கிவிடும், ஆகவே பின்னேரம் ஆறு மணிக்குக் குளக்கட்டில் நின்று ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்வை, ஏற்றினால் படம் முழுக்க மண் தூவின மாதிரித்தான் இருக்கும். இந்த அளவு சென்சாரின் இயல்பு அது. அந்த நேரத்தில் கொஞ்சம் நல்ல போன் ஒன்று இதைவிடத் திறமாக எடுக்கும், நானும் அப்படித்தான் செய்கிறேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் பார்த்துவிட்டு அந்தப் பக்கக் காட்டு விளிம்பில் நடந்தாலும் இதே பிரச்சினை, மரநிழலில் மாங்குயில் கூவும், காணவும் காணலாம், படம் கலங்கித்தான் வரும். பெற்றரி ஒரு சார்ஜுக்கு 290 படம் அளவில் என்று கணக்கு, யூஎஸ்பி வயரால் ஏற்றலாம் என்பதால் பவர் பாங்க் இருந்தால் சமாளிக்கலாம். தொடுதிரை கிடையாது. மழைக்குக் காப்பும் கிடையாது, மாரி காலத்தில் ஐப்பசி, கார்த்திகை என்றால் பொலித்தீன் பை கட்டாயம். உப்புக்காற்றுக்கு ஒவ்வொரு நடைக்குப் பிறகும் துடைக்க வேண்டும்.

எங்கே கொண்டு போகலாம் என்றால், எனக்கு முதலிடம் தம்பலகாமம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல், நாற்று நேரத்தில் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், மஞ்சள் மூக்கு நாரையும் கொக்கும் நடுவே நிற்கும், ஆட்காட்டி நீங்கள் வருவதை ஊருக்கெல்லாம் சொல்லிவிடும். ஒருநாள் வரம்பில் குந்தியிருந்து எடுத்துக்கொண்டிருக்க, மண்வெட்டியோடு வந்த ஐயா ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, காணி அளக்கவோ வந்தனீங்கள்?” என்று கேட்டார். இல்லை ஐயா, கொக்கு பார்க்க வந்தேன் என்றேன். “கொக்கு பார்க்க இவ்வளவு பெரிய சாமானோ?” நம்பவில்லை. எடுத்ததைத் திரையில் காட்டினேன், நாரையின் சொண்டில் ஒரு தவளைக் கால் தொங்குகிறது. அதைக் கண்டதும் சிரித்துவிட்டு, அடுத்த வாய்க்காலில் கூழைக்கடா வரும், அங்கே போய் நில் என்று வழி காட்டினார். நம்முடைய ஊரில் நீளமான லென்ஸோடு ஒருவன் வயலில் நின்றால் சனம் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, அதனால் எடுக்க முன்னம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். கடற்படை, விமானப்படை இடங்கள் இருக்கும் பக்கம் இதைத் திருப்பவே வேண்டாம், பைக்குள் வைத்துவிட்டு நடவுங்கள்.

பெரியகுளத்துப் பக்கம் போனால் வில்கம் விகாரையையும் பார்த்துவிட்டு வாருங்கள், நாதனார் கோயில் என்று நாங்கள் சொல்கிற இடம், சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர், தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இடிந்த செங்கல்லில் காலை வெயில் விழும் நேரம் 24 மில்லிமீற்றரே போதும். கிண்ணியாப் பாலத்தில் நின்று களப்பை எடுக்கலாம், வாகனம் போகும்போது பாலம் அதிர்கிறது, அதை மட்டும் கவனியுங்கள். பிரெட்ரிக் கோட்டை மான்களுக்கு இந்தக் கமராவைக் கொண்டு போகாதீர்கள், அதுகள் கிட்ட வந்து லென்ஸை நக்கும். கந்தளாய் ரோட்டில் யானை கண்டால் மாறாக இதைவிட நல்ல சாமான் இல்லை, நூறு யார் தூரத்தில் வண்டியை ஸ்டார்ட்டில் வைத்துக்கொண்டே எடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

வாங்கலாமா? பகல் வெளிச்சத்தில் நடக்கிறவர், குருவி பார்க்கிறவர், லென்ஸ் மாற்றப் பஞ்சிப்படுகிறவர் என்றால் வாங்குங்கள். கல்யாணவீடு, கோயில் திருவிழா இரவு, காட்டுக்குள் என்றால் வேண்டாம். டொக்டர் சொன்ன முக்கால் மணித்தியால நடைக்கென்றாலும் வேண்டாம், இருபது அடிக்கு ஒருதரம் நின்றுவிடுவீர்கள். போன மாதம் கிளினிக்கில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று கேட்டார், மூன்று மணித்தியாலம் என்றேன், தூரத்தைச் சொல்லவில்லை.