சில்லறை ரிப்பேர் வேலைக்கு வருட ஒப்பந்தம்: 214 வேலைச் சீட்டுகளுக்குப் பிறகு

எங்கள் குடியிருப்பில் 64 வீடுகள். கட்டி இருபது வருடம் ஆகப்போகிறது. தாழ்வாரத்தில் பூச்சு உப்பிக் கழன்று விழும், குளியலறையில் டைல்ஸ் பெயர்ந்து நிற்கும், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் விரிசல் விடும், மோட்டார் அறைக் கதவின் கீல் கழன்றுகொள்ளும். வாரத்துக்கு இரண்டு புகாராவது வந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் அரை நாள் வேலைதான். இரண்டு வருடத்துக்கு முன்பு இவை அனைத்தையும் ஒரே பராமரிப்பு நிறுவனத்திடம் ஒப்பந்தமாகக் கொடுத்தோம். அன்றிலிருந்து இந்த மாதம் வரை 214 வேலைச் சீட்டுகள் எழுதியிருக்கிறேன். எல்லாம் என் ஃபைலில் இருக்கின்றன, அவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நடந்த நல்லதிலும் கெட்டதிலும் பாதிக்கு மேல் ஒப்பந்தத்தில் நாங்கள் எழுதியதாலும் எழுதாமல் விட்டதாலும் வந்தவை.

அதற்கு முன்பு ஒவ்வொரு வேலைக்கும் மூன்று பேரிடம் விலை கேட்போம். கதவுக் கீல் மாற்ற யார் வந்து விலை கொடுப்பார்கள்? ஒருவர் வருவார், இன்னொருவர் வருகிறேன் என்பார், மூன்றாமவர் போனையே எடுக்கமாட்டார். அரை நாள் வேலை முடிய மூன்று வாரம் ஆகும். கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு சின்ன பில்லுக்குப் பின்னால் எத்தனை பேருடைய நேரம் போகிறது என்று பார்த்ததும்தான் விலைப்பட்டியல் ஒப்பந்தம் என்ற யோசனை வந்தது.

இதன் அமைப்பு எளிமையானது. முதலில் ஒரு பட்டியல். ஒரு சதுர மீட்டர் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து 12 மி.மீ. கனத்தில் புதிதாகப் பூச இவ்வளவு, ஒரு மீட்டர் குழாய் மாற்ற இவ்வளவு, ஒரு பூட்டு மாற்ற இவ்வளவு என்று எங்களுடையதில் 140 வகை வேலைகள். விலை முன்கூட்டியே முடிவாகிவிடும். மொத்தம் எவ்வளவு வேலை வரும் என்பதற்கு நாம் வாக்குக் கொடுப்பதில்லை. வேலை வரும்போது சீட்டு எழுதுவோம், முடிந்ததும் அளப்போம், அளவை விலையால் பெருக்கினால் பில். பெரிய கட்டடங்களைப் பராமரிப்பவர்களுக்கு இது பழகிய வழிதான். பிரிட்டனில் கட்டுமான வேலைகளுக்கு மாதிரி ஒப்பந்தங்கள் தயாரிக்கும் ஜேசிடி அமைப்பு வெளியிடும் ‘மெஷர்டு டெர்ம் காண்ட்ராக்ட்’ இதே வகை. 2017-இல் வந்த என்இசி4 என்ற இன்னொரு மாதிரி ஒப்பந்த வரிசையில் ‘டெர்ம் சர்வீஸ் காண்ட்ராக்ட்’ என்று ஒரு படிவம் இருக்கிறது. அமெரிக்காவில் ‘ஜாப் ஆர்டர் காண்ட்ராக்டிங்’ என்பார்கள். அங்கே அச்சிட்ட விலைப் புத்தகம் ஒன்று இருக்கும், ஒப்பந்ததாரர் அதன் மேல் பெருக்கவேண்டிய ஒரே ஒரு எண்ணை மட்டும் கேட்பார்.

அந்த ஒரே எண் முறையைத்தான் நாங்களும் எடுத்துக்கொண்டோம். பட்டியலை நாங்களே தயாரித்து, அதற்கு மேலா கீழா, எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டோம். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக விலை போடச் சொன்னால், அபூர்வமாக வரும் வேலைக்கு அடிமாட்டு விலையும் அடிக்கடி வரும் வேலைக்கு ஏற்றிய விலையும் வந்துவிட வாய்ப்பு உண்டு. கூட்டிப் பார்த்தால் அவர்தான் குறைவு, பில் வரும்போதுதான் உண்மை தெரியும். இந்த ஒரு முடிவில் எனக்கு இன்றுவரை முழு திருப்தி.

சரி, நடந்ததற்கு வருகிறேன். முதல் ஆறு மாதம் குறைந்தபட்சக் கட்டணத்தில் சிக்கினோம். கால் சதுர மீட்டர் பூச்சுக்குப் பட்டியல் விலையைப் போட்டால், மேஸ்திரி சாமானைத் தூக்கிக்கொண்டு வந்துபோகும் செலவுக்குக்கூடக் காணாது. அதனால் ஒரு சீட்டுக்கு இவ்வளவுக்குக் குறையாது என்று ஒரு தொகை வைத்தோம். அது நியாயம்தான், இல்லாவிட்டால் சின்ன வேலைக்கு ஆளே வராது. ஆனால் ‘ஒரு சீட்டுக்கு’ என்று எழுதிவிட்டோம். ஒரே நாளில், ஒரே மாடியில், அடுத்தடுத்த மூன்று வீடுகளில் ஒரே கொத்தனார் வேலை பார்த்தார். மூன்று குறைந்தபட்சக் கட்டணம் வந்தது. ‘ஒரு வருகைக்கு’ என்று மாற்றியபின் அது நின்றது. அதோடு செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் மட்டும் சாதாரண வேலைக்கு வரவேண்டும், முந்தின நாள் மாலைக்குள் புகார்கள் என்னிடம் வந்துவிடவேண்டும் என்று வைத்தோம். அவர்களுக்கும் அலைச்சல் குறைந்தது.

அடுத்தது நேரம். ஒப்பந்தத்தில் மூன்று வகை: அவசரம் என்றால் 4 மணி நேரம், முக்கியம் என்றால் 2 நாள், சாதாரணம் என்றால் 14 நாள். படிக்க நன்றாக இருந்தது. ஒரு நாள் இரண்டாம் மாடியில் குழாய் வெடித்தது. சொன்னபடி ஒன்றரை மணி நேரத்தில் ஆள் வந்தார், வால்வை மூடினார், போய்விட்டார். அந்த வீட்டில் நடக்கமுடியாத பெரியவர் ஒருவர் இருக்கிறார். மூன்று நாள் பக்கத்து வீட்டிலிருந்து வாளியில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள். நான் கோபமாகப் போன் செய்தபோது சூப்பர்வைசர் அமைதியாகச் சொன்னார்: “அம்மா, நாலு மணி நேரத்துல வரணும்னுதான் இருக்கு. வந்துட்டோமே.” எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. எந்த வகைக்கும் முடிக்கும் கெடு என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் நானே மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கெடு இருக்கிறது. வந்து ஆபத்தை நிறுத்த ஒன்று, வேலையை முடித்துக்கொடுக்க ஒன்று. பொருள் கிடைக்கத் தாமதமானால் தற்காலிகமாக எப்படிச் சமாளிப்பது என்பதையும் அன்றே சீட்டில் எழுதிவிடவேண்டும். நேரம் பற்றிய விதி எழுதுகிறவர்கள் தயவுசெய்து இந்த இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

இடித்த குப்பை விஷயத்திலும் இதே பாடம். பட்டியலில் ‘கொத்தி எடுத்தல்’ என்று இருந்தது, வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது பற்றி இல்லை. ஒன்பது நாள் மாடிப்படித் திருப்பத்தில் பதினோரு மூட்டை கிடந்தது. ஒவ்வொரு விலையிலும் எதெல்லாம் அடக்கம் என்பதைப் பட்டியலின் முன்னுரையிலேயே எழுதிவிடவேண்டும்: மூன்று மீட்டர் உயரம்வரை ஏணியோ சாரமோ, தரையையும் சாமானையும் மூடிவைப்பது, குப்பையை அகற்றுவது, வேலை முடிந்ததும் துடைத்துக்கொடுப்பது.

அளவைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. பூச்சு வேலையில் அளக்கவேண்டிய நேரம் கொத்தி முடித்த பிறகு, பூசத் தொடங்கும் முன்பு. பூசி வெள்ளையடித்துவிட்டால் எது பழையது, எது புதியது என்று யாராலும் சொல்லமுடியாது. கொத்துவதற்கு முன்னால் சுவரைத் தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் வரும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுவோம். அவர்கள் மேஸ்திரியும் எங்கள் காவலாளியும் சேர்ந்து அளந்து, டேப் வைத்தபடி ஒரு போட்டோ எடுத்துச் சீட்டோடு சேர்ப்பார்கள். இது வந்தபிறகு அளவு பற்றிய சண்டை ஒன்றுகூட வரவில்லை. பெயின்டுக்கு வேறு மாதிரி. ஒட்டுப்போட்ட இடத்தில் மட்டும் அடித்தால் அதே டப்பா நிறமாக இருந்தாலும் திட்டாகத் தெரியும். பழைய பெயின்ட் வெயிலிலும் அழுக்கிலும் மாறியிருக்கும் அல்லவா? அதனால் மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர்ப் பக்கம் முழுவதும் அடிக்கவேண்டும், அந்த முழு அளவுக்கும் பணம் உண்டு என்று எழுதினோம். கொஞ்சம் கூடத்தான் ஆகிறது. கொடுக்கலாம்.

இப்போது எனக்கு மிகவும் வலித்த கதை. ஐந்தாம் மாடிக் குளியலறையிலிருந்து நான்காம் மாடி வீட்டுக் கூரையில் ஒழுகல். முதல் சீட்டு, மேலே டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டிப் புதிதாக அடைத்தார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி சொட்டியது. அடுத்த சீட்டுக்குக் கீழே கூரைப் பூச்சை எடுத்துப் பூசிப் பெயின்ட் அடித்தார்கள், ஆறு வாரத்தில் மஞ்சள் கறை. மூன்றாவது முறை தரை வடிகால் வாயைச் சுற்றி உடைத்து அடைத்தார்கள், திரும்பவும் சொட்டு. மூன்றும் ஒழுங்காக அளந்த, ஒழுங்காகச் செய்த, பணம் கொடுத்த வேலைகள். ஆறு மாதம் குறைபாட்டுப் பொறுப்பு, அதாவது அதற்குள் குறை வந்தால் அவர்கள் செலவிலேயே சரிசெய்வது, இருக்கிறதே என்று கேட்டேன். செய்த வேலையில் குறை இருந்தால்தான் பொறுப்பு, அடைத்த இடுக்கு இன்றும் நன்றாகவே இருக்கிறது, தண்ணீர் வேறு வழியாக வருகிறது என்றார்கள். வாசகப்படி அவர்கள் பக்கம் சரி. வேலைக்கு விலை வைத்திருந்த நாங்கள், காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு விலை வைத்திருக்கவில்லை. காரணம் தேடுவதற்குக் காசு கிடையாது, அடைப்பதற்குக் காசு உண்டு என்றால், யாராக இருந்தாலும் அடைக்கத்தான் செய்வார்கள்.

நடுவில் ஒப்பந்தத்தைத் திருத்தி, ‘கசிவு ஆய்வு’ என்று தனியாக ஒரு வேலையைச் சேர்த்தோம். அதற்கு நல்ல விலையே வைத்தோம். ஆய்வு முடிவை எழுதிக் கொடுக்கவேண்டும், அதன்படி செய்த ரிப்பேருக்குப் பிறகும் அதே இடத்தில் ஒழுகினால் மறு ஆய்வும் மறு வேலையும் அவர்கள் செலவு. அதே குளியலறையில்தான் முதல் ஆய்வு. வடிகால் வாயை அடைத்து, தரையில் 25 மி.மீ. தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டார்கள். கீழே ஒரு சொட்டு இல்லை. ஆக, தரை சரி. அவர்களுடைய பிளம்பர், அதிகம் பேசாத மனிதர், நான்காம் மாடி அம்மாவிடம் எப்போதெல்லாம் சொட்டுகிறது என்று கேட்டார். காலையிலும் இரவிலும்தான், மதியம் சொட்டாது என்றார் அவர். அழுத்தத்தோடு தண்ணீர் வரும் குழாய் கசிந்தால் ராத்திரி பகல் நிற்காமல் கசியும், பயன்படுத்தும்போது மட்டும் சொட்டினால் கழிவுக் குழாயாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று சொல்லிவிட்டு, வாஷ்பேசினில் நீலச் சாயம் கலந்து ஊற்றினார். இருபது நிமிடத்தில் கீழே நீலச் சொட்டு விழுந்தது. சுவருக்குள் போகும் கழிவுக் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. ஒரு மணி நேர வேலை! அதற்கு முன்னால் எட்டு மாதம் அந்தக் குடும்பம் கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டு இருந்தது.

அதற்கப்புறம் கீழ்வீட்டுக் கூரையை உடனே பூசிவிடலாமா என்று கேட்டேன். “ஈரம் காயட்டும்மா, இப்ப பெயின்ட் அடிச்சா உரிஞ்சு வந்துரும்” என்று மேஸ்திரி மறுத்துவிட்டார். உடனே செய்திருந்தால் அவருக்குத்தான் காசு. இந்த மாதிரி ஆட்கள் இருப்பதால்தான் அந்த நிறுவனத்தை விடவில்லை.

பட்டியலில் இல்லாத வேலைகளைக் கூலி நேரம், பொருள் பில், அதற்கு மேல் ஒரு சதவீதம் என்று கணக்குப் போடுவோம். முதல் வருடம் மொத்த பில்லில் மூன்றில் ஒரு பங்கு இப்படி வந்தது. இது கவனிக்கவேண்டிய இடம். பொருள் விலை ஏற ஏற அவர்களுடைய சதவீதமும் ஏறும், நேரம் இழுத்தால் கூலியும் ஏறும். அடிக்கடி வந்த 22 வேலைகளைப் பட்டியலில் சேர்த்ததும் இரண்டாம் வருடம் அது பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

பணம் கொடுப்பதில் தவறு எங்கள் பக்கம். 30 நாள் என்று எழுதிவிட்டு இரண்டு முறை 50 நாளைத் தாண்டினோம். அந்த இரண்டு மாதமும் சின்னச் சீட்டுகள் அப்படியே கிடந்தன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கொத்தனாருக்கு அன்றன்று கூலி கொடுத்தாகவேண்டும். அப்புறம், ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்துவைத்து ஆறு மாதம் கழித்துக் கொடுப்பது என்று வைத்திருந்தோம். பெரிய கட்டுமானத்துக்கு அது பொருந்தும். நூறு சின்ன வேலைக்கு நூறு தேதி வைத்துக்கொண்டு பிடித்தத்தைத் திருப்பிக் கொடுப்பது எனக்கே பெரும் பாடாக இருந்தது. மூன்றாம் வருடத்தில் அதை எடுத்துவிட்டு, தொடக்கத்திலேயே ஒரு வைப்புத்தொகை வாங்கிக்கொள்கிறோம்.

விலையை இரண்டு வருடம் அசையாமல் வைத்ததும் சரியில்லை. சிமென்ட் விலை ஏறியபோது, பூச்சு வேலைக்கு ஆள் இல்லை என்ற பதில் அடிக்கடி வந்தது. இனி வருடத்துக்கு ஒருமுறை, வெளியிடப்படும் விலைக் குறியீட்டை வைத்து, ஏறினாலும் இறங்கினாலும் திருத்திக்கொள்வோம்.

மதிப்பெண் கேட்டால், வேலையின் தரத்துக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். நேரத்துக்கு முதல் வருடம் இரண்டு, இப்போது நான்கு. பில்லின் ஒழுங்குக்கு முழுசாக ஐந்து. அவர்கள் போட்டோவோடு அனுப்பும் மாத பில்லைப் போல நான் வேலை பார்த்த இடத்தில்கூடப் பார்த்ததில்லை. சூப்பர்வைசர் மாறும்போதெல்லாம் புதியவருக்கு எங்கள் கட்டடத்தைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை, அது பெரிய குறை. இரண்டு வருடத்தில் நான்கு பேர். மாறுவதற்குப் பதினைந்து நாள் முன்பே சொல்லவேண்டும், புதியவர் பழையவரோடு ஒரு நாளாவது கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கவேண்டும் என்று இந்த முறை எழுதிக் கேட்டிருக்கிறேன். ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மூன்றாம் வருடம். 215-வது சீட்டு மோட்டார் அறைக் கதவுக் கீல். செவ்வாய்க்கிழமை வருகிறார்கள்.