தகரக் கொட்டகைக்கு ஸ்ப்ரே ஃபோமா, கீற்றா, வெள்ளையடிப்பா?

கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்குத் தகரக் கொட்டகைக்குள் போய், உள்ளங்கையை மேலே திருப்பி, ஷீட்டுக்கு ஒரு சாண் கீழே பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் காற்று நன்றாக வீசிக்கொண்டிருக்கும். கை மட்டும் அடுப்பில் காட்டியதுபோல் சுடும். 60 டிகிரியைத் தாண்டிக் காய்ந்த ஷீட் அந்தச் சூட்டை நேராக மாட்டின் முதுகில் இறக்குகிறது. உம்பளாச்சேரி மாடு ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஜெர்சி கலப்பு நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும், தீனி எடுக்காது. சாயங்காலம் பால் குறைவதில் அது தெரிந்துவிடும்.

கஜா புயலில் (2018 நவம்பர் 16) கீற்றுக் கொட்டகைகள் போன பிறகு, டெல்டாவில் ஷீட்டுக்கு மாறியவர்கள் நிறையப் பேர். நாங்களும் மாறினோம். மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஒரு மாட்டுக் கொட்டிலும், விதைநெல் வைக்கும் சின்ன குடோன் ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் தகரம். இரண்டுக்கும் ஷீட்டின் அடிப்பக்கத்தில் ஃபோம், அதாவது பீய்ச்சும் நுரை, அடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏற்கெனவே அடித்த இடங்களைப் போய்ப் பார்த்த பிறகு மனசு மாறியது, அதுவும் ஒரு கட்டடத்துக்கு மட்டும்.

ஸ்ப்ரே ஃபோம் என்பது இரண்டு திரவம். ஒரு பீப்பாயில் ஐசோசயனேட், இன்னொன்றில் பாலியால். இரண்டையும் சூடாக்கிச் சம அளவில் துப்பாக்கி முனையில் கலந்து பீய்ச்சினால், ஷீட்டில் பட்ட சில நொடிகளில் பொங்கி இறுகிவிடும். இரும்பு கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய 2,000-இல் ஒரு பங்கைத்தான் இந்த நுரை கடத்தும். இதில் இரண்டு வகை. உள்ளே இருக்கும் குட்டிக் குமிழ்கள் ஒவ்வொன்றும் மூடியிருந்தால் அது மூடிய அறை நுரை. கெட்டியானது, தண்ணீரை உள்ளே விடாது. குமிழ்கள் திறந்திருக்கும் திறந்த அறை நுரை பஞ்சு மாதிரி, ஈரத்தைக் குடிக்கும். நம் ஊர் ஈரக்காற்றுக்குத் திறந்த அறை வகையை யார் குறைந்த விலைக்குச் சொன்னாலும் வாங்காதீர்கள்.

கனத்தையும் கேட்டு வாங்க வேண்டும். இறங்கும் சூட்டில் பெரும்பகுதியை முதல் அங்குலமே தடுத்துவிடும். இரண்டாவது அங்குலம் மிச்சத்தில் பாதியைத்தான் குறைக்கும். அமெரிக்காவில் கம்பம் நட்டுக் கட்டும் பண்ணைக் கொட்டகைகளுக்கு இரண்டு, மூன்று அங்குலம் அடிக்கிறார்கள் என்றால், அங்கே நாலு பக்கமும் சுவர், உள்ளே ஹீட்டர், வெளியே பனி. உள்ளே உண்டாக்கிய சூடு வெளியே போகாமல் காக்கிறார்கள். நம் கொட்டிலுக்குச் சுவரே கிடையாது, இருக்கவும் கூடாது. கூரையிலிருந்து இறங்கும் சூட்டை மறிக்க ஒரு அங்குலம் போதும்.

ஃபோமுக்கு ஈடே இல்லாத இடம் ஒன்று உண்டு: மார்கழிப் பனி. விடியற்காலையில் ஷீட் குளிர்ந்து, உள்காற்றின் ஈரம் அதன் அடியில் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு, ஷீட்டை ஒட்டியே வழிந்து, குறுக்குப் பைப் வந்ததும் சொட்டும். எங்கள் குடோனில் மேல் வரிசைச் சாக்குகளின்மேல் பைப்புக்கு நேர்கீழே கோடு போட்ட மாதிரி ஈரம் இருக்கும். சான்று விதைநெல்லுக்கு ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. சம்பா நெல்லை அவ்வளவு பாடுபட்டுக் காயவைத்துவிட்டு, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தால் வயிறு எரியும். மூடிய அறை நுரை ஷீட்டோடு ஒட்டிக்கொள்வதால் ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தைத் தொடவே முடியாது. சொட்டு நின்றுவிடும்.

சரி, அப்புறம் ஏன் கொட்டிலுக்கு வேண்டாம் என்கிறேன்? நான் பார்த்த ஒரு பழைய குடோனில் சாக்குமேல் மஞ்சள் நிறத்தில் நுரைத்தூள் உதிர்ந்து கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் நுரையில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை, அதற்குள் வைக்கோலும் நூலும். எலிக்கு நுரை தீனி இல்லை, ஆனால் வீடு கட்ட அதைவிட வசதியான இடம் அதற்குக் கிடைக்காது. எறும்பும் அப்படித்தான். கோழி எட்டும் உயரத்தில் இருந்தால் கொத்திக் கொத்தியே தீர்த்துவிடும். திறந்த கொட்டிலில் சாய்வெயில் படும் ஓரங்களில் நுரை பழுப்பேறிப் பொடிந்துபோகும். மேலே பூச்சு கொடுத்தே ஆக வேண்டும். ஷீட் ஒழுகினாலும் ஓட்டை எங்கே என்று தெரியாது, தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து வேறிடத்தில் எட்டிப்பார்க்கும். துருப்பிடித்த ஒரு ஷீட்டை மட்டும் கழற்றி மாற்றுவதும் பெரும்பாடு. வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றுக்கு இது பெரிய விஷயம். எனக்குச் சொன்ன விலையோ ஷீட் வாங்கிய காசைத் தாண்டியது.

இனி கீற்று. காய்ந்த கீற்றை இரண்டரை, மூன்று அங்குலக் கனத்துக்கு வேய்ந்தால் ஒரு அங்குல நுரை செய்யும் வேலையைக் கிட்டத்தட்ட செய்துவிடும். ஷீட்டுக்கு அடியில் தட்டியாகக் கட்டுவதைவிட மேலே போடுவதே மேல். வெயில் தகரத்தைத் தொடாது. பழையதானால் கீழே தள்ளிவிட்டுப் புதுசு போடலாம். ஆனால் மழைக்காலத்தில் நனைந்த கீற்று ஷீட்டை ஈரத்திலேயே வைத்திருந்து துருப்பிடிக்க வைக்கும். அதனால் பங்குனியில் ஏற்றி ஐப்பசியில் இறக்கிவிடுவது நல்லது. புயல் மாதத்தில் கூரைமேல் பாரமும் இருக்காது. நைலான் வலை போட்டுக் கட்டினால் ஆடிக்காற்றுக்கும் அசையாது. முடைய ஆள் கிடைப்பதுதான் சிரமம்.

தீ விஷயத்தில் இரண்டுமே நம்பக்கூடியவை அல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர்க்காரர்களுக்குக் கீற்றுத்தீயைப் பற்றி யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஃபோம் எரியாது என்று சொல்பவரை நம்பாதீர்கள். தீத்தடுப்பு சேர்த்த நுரையும் எரியும், அந்தக் கரும்புகை விஷம். எதைப் போட்டாலும் ஒயரைக் குழாய்க்குள் விட்டு, கூரையை விட்டுத் தள்ளிக் கொண்டுபோங்கள். கொசுப்புகை மூட்டத்தைக் கொட்டிலுக்கு வெளியே போடுங்கள்.

வெள்ளையடிப்பது எல்லாவற்றிலும் மலிவு. சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து ஷீட்டின் மேல்பக்கம் அடித்தாலே கைக்கு வித்தியாசம் தெரியும். கூல் ரூஃப் பெயிண்ட் இன்னும் நன்றாக நிற்கும். சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தோடு கரைந்துவிடும். அழுக்கேறினால் பலன் குறையும், பனிச் சொட்டை நிறுத்தாது. கையில் காசில்லாத வருஷம் இதையாவது செய்யலாம். பளபளக்கும் ஃபாயில் விரிப்பு புதிதில் நன்றாகவே இருக்கும், ஆனால் தூசும் ஒட்டடையும் படிந்த பின் அதன் வேலை பாதிதான்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஷீட் போட்டு அதற்கு ஃபோம் அடிப்பதற்குப் பதில், இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை வைத்த பஃப் பேனலை நேரடியாக வாங்குங்கள். கழுவலாம், கோழி கொத்த முடியாது. வெட்டுமுனைகளை மட்டும் தகடு மடித்து மூடாவிட்டால் எலி அந்த வழியாகப் போகும்.

எங்கள் குடோனுக்கு மூடிய அறை நுரை, ஒரு அங்குலம், மேலே தீத்தடுப்புப் பூச்சு என்று முடிவு செய்தாகிவிட்டது. மாசிக் கடைசியில், ஷீட்டைத் துரு நீக்கித் துடைத்துக் காயவைத்து, ஷீட் சூடேறுவதற்குமுன் காலையில் அடிக்க வேண்டும். ஈரத்தில் அடித்தால் ஒட்டாது, பிறகு பாளம் பாளமாகக் கழன்று விழும். அடிக்கும் ஆள் முழு முகமூடி போடாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஐசோசயனேட் நெஞ்சில் ஏறினால் ஆஸ்துமாவாகத் தங்கிவிடும். மறுநாள் வரை வீட்டார் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

கொட்டிலுக்கு ஷீட்டின்மேல் வெள்ளை, அதன்மேல் கீற்று. முகட்டில் ஒரு அடி பிளந்து, அதற்கு மேல் குல்லாய் மாதிரி ஒரு ஷீட்டைத் தூக்கி வைக்க வெல்டரிடம் சொல்லியிருக்கிறேன். சூட்டுக்காற்று மேலே போக வழி வேண்டும். கீற்று முடைய ஆளும் சொல்லியாகிவிட்டது.