வேலிக்காத்தான் விறகுக்கு 22 அங்குல மிஷின் எதற்கு? ஸ்டில் எம்எஸ் 180 செயின் சா விமர்சனம்

எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், மணலி புதுநகர் என்று வடசென்னையில் எந்தப் பக்கம் போனாலும் வேலிக்காத்தான்தான். தெற்கே இதையே சீமைக்கருவேலம் என்பார்கள். ஏரிக்கரை, கால்வாய் ஓரம், காலி மனை எதையும் விட்டு வைக்கவில்லை. நிலத்துக்குப் பீடைதான், ஆனால் பிரியாணி அடுப்புக்கு இதுபோல் விறகு அமைவது கஷ்டம். சவுக்கு சட்டென்று பற்றிக்கொண்டு உயரமாக எரியும், அண்டாவில் தண்ணீர் கொதிக்கும் வரை அது நல்லது. வேலிக்காத்தான் நின்று எரியும். தம் போடும்போது மூடிமேல் அள்ளிப் போடக் கெட்டியான தணலும் கொடுக்கும். இதை ஏலத்தில் எடுத்துத் தாங்களே வெட்டி ஏற்றிக்கொள்ள நினைக்கிறவர்களுக்கான செயின் சா (பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம்) விமர்சனம் இது.

முதலில் ஏலம். புறம்போக்கில் நிற்கிறது, யாருக்கும் வேண்டாத முள்மரம் என்பதற்காக யார் வேண்டுமானாலும் வெட்டிவிட முடியாது. ஏரிக்கரை மரம் நீர்வளத் துறைக்கோ உள்ளாட்சிக்கோ சொந்தம். அவர்கள் ஏலம் விடும்போது எடுத்து, பணம் கட்டிய ரசீதை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். வேரோடு எடுக்கச் சொல்லி நிபந்தனை இருக்கிறதா என்று எடுப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள். இருந்தால் செயின் சா போதாது, ஜேசிபி வாடகையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அடியோடு அறுத்தாலும் வேர்க்கழுத்திலிருந்து மறுபடி துளிர்க்கிற மரம் இது. எண்ணூர் கழிமுகத்தின் ஓரத்தில் வேலிக்காத்தானை ஒட்டியே அலையாத்தி நிற்கும் இடங்கள் உண்டு. அலையாத்தியில் ஒரு கிளையைக்கூடத் தொடக்கூடாது. அத்திப்பட்டுப் பக்கம் தலைக்கு மேல் உயர் அழுத்தக் கம்பி, மணலிப் பக்கம் மண்ணுக்கடியில் எண்ணெய்க் குழாய். கம்பியின் கீழே மரம் சாய்ப்பதும், குழாய் அடையாளக் கல் நட்ட இடத்தில் வேர் தோண்டுவதும் கூடவே கூடாது.

இனி மிஷின். கடைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் எடுத்துக் காட்டுவது 58 சிசி, 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போட்ட மலிவு ரகம். எம்எஸ் 180 விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கே கிடைப்பதால் ஆசை வரும். எம்எஸ் 180 அதன் பக்கத்தில் பொம்மை மாதிரி தெரியும்: 31.8 சிசி, சுமார் 2 குதிரைத்திறன், பாரும் செயினும் இல்லாமல் 4 கிலோ அளவு எடை. ஆனால் வேலிக்காத்தானுக்கு இதுதான் சரி. 14 அல்லது 16 அங்குல பாரோடு எடுங்கள்.

காரணம் மரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. வேலிக்காத்தான் ஒற்றைத் தண்டாக வளர்வது அபூர்வம். ஒரே அடியிலிருந்து ஐந்தாறு தண்டு கோணல்மாணலாகக் கிளம்பும். பெரும்பாலானவை தொடை கனம்கூட இருக்காது. ஒரு தண்டை அறுக்கும்போது 22 அங்குல பாரின் மூக்கு அடுத்த தண்டில் இடிக்கும். மூக்கின் மேல்முனை இடித்தால் மிஷின் ஆளை நோக்கித் துள்ளும். செயின் சா விபத்துகளில் மிக மோசமானது இந்த எகிறல்தான். அது இல்லாவிட்டாலும் நீளமான பார் அடிக்கடி மண்ணில் உரசும். மண்ணில் ஒரு நொடி உரசினாலே செயின் பல் மழுங்கிவிடும். கனமான மிஷினைக் குனிந்தபடி நாள் முழுக்கப் பிடித்தால் மத்தியானத்துக்குள் கை தளர்ந்து, பிடி தவறும்.

எம்எஸ் 180-ன் குறையையும் சொல்ல வேண்டும். புயலில் சாய்ந்த பழைய புளி, தூங்குமூஞ்சி போன்ற பெருமரத்தின் அடித்தண்டுக்கு இது ஆகாது. அமுக்கினால் திணறும், கிளட்ச் சூடேறும். அந்த வேலைக்கு 50 சிசிக்கு மேற்பட்ட மிஷினே வேண்டும். இன்னொன்று, ஸ்டார்ட் செய்வதும் நிறுத்துவதும் ஒரே லீவரில் இருப்பதால் புதியவர்கள் சோக் (குளிர்ந்த மிஷினைக் கிளப்பும்) நிலையிலேயே வைத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை 'டப்' என்று பிடித்து நின்றதும் லீவரை ஒரு படி மேலே ஏற்றிவிட்டு இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் தேங்கி பிளக் நனைந்துவிடும். நனைந்தால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, லீவரை நிறுத்தும் நிலைக்குக் கொண்டுபோய், பத்துத் தடவை கயிற்றை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றி, பிறகு மாட்டுங்கள்.

எண்ணெய்க் கலவை 50-க்கு 1. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, செயின் சாவுக்கென்று விற்கும் நல்ல டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில். மலிவு ரகங்களின் கையேட்டில் 25-க்கு 1 என்று இருக்கும், அதற்கு 40 மில்லி. கண்ணளவில் ஊற்றாதீர்கள், மருந்து ஊசிக்குழாயால் அளந்து ஊற்றுங்கள். குறைந்தால் பிஸ்டன் கீறல் விழும், கூடினால் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி படியும். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கடலோரத்தில் இன்னும் வேகமாக. கலந்து வைத்ததை ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம். வேலை முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்து, மிஷின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வையுங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்த மிஷின் ஸ்டார்ட் ஆகாமல் மெக்கானிக்கிடம் போனால், பெரும்பாலும் கார்புரேட்டர் உள்ளே டயாபிரம் (மெல்லிய சவ்வு) விறைத்திருக்கும்.

பாரிலும் செயினிலும் உராய்வைக் குறைக்கும் பார் ஆயிலுக்குப் பதில் பழைய வண்டி ஆயிலை ஊற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அதிலிருக்கும் இரும்புத் துகள் ஆயில் பம்ப்பை அரிக்கும். கையிலும் முகத்திலும் தெறிப்பது உடம்புக்கும் கேடு. பார் ஆயில் கிடைக்காவிட்டால் புது 20டபிள்யூ-40 என்ஜின் ஆயில் ஊற்றிச் சமாளிக்கலாம். ஒவ்வொரு தடவை பெட்ரோல் நிரப்பும்போதும் பார் ஆயிலையும் நிரப்ப வேண்டும். ஓடும்போது பாரின் மூக்கை ஓர் அட்டைக்கு நேரே காட்டினால் மெல்லிய எண்ணெய்க் கோடு விழவேண்டும். விழாவிட்டால் பாரின் துளையை மரத்தூள் அடைத்திருக்கிறது. வைத்திருக்கும் இடத்தில் கொஞ்சம் எண்ணெய் கசிவது எல்லா ரகத்திலும் உள்ளதுதான், அடியில் அட்டை போடுங்கள்.

செயின் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. வேலிக்காத்தான் இரும்பு மாதிரி, காய்ந்தால் இன்னும் மோசம். அடித்தண்டில் மணலும் கரையான் புற்றும் ஒட்டியிருக்கும். முதலில் வெட்டுக்கத்தியால் பட்டையைச் சீவிவிட்டு, தரையிலிருந்து அரை அடி மேலே அறுங்கள். தூள் சீவலாக வராமல் மாவாக வந்தால் செயின் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அமுக்கி அறுக்காமல் அங்கேயே நிறுத்தி அரம் போடுங்கள். எம்எஸ் 180-ன் சிறிய ரகச் செயினுக்கு 4 மில்லிமீட்டர் வட்ட அரம், 30 டிகிரிச் சாய்வு, உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் அழுத்தம், ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு. எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டு ஒரு பக்கம் இழுக்கும். புதுச் செயின் முதல் அரைமணியில் நீளும். ஆறவிட்டு இறுக்குங்கள். சூட்டோடு இறுக்கினால் ஆறியபின் பாரைக் கவ்விக்கொள்ளும்.

வெட்டும் முறை வெளியிலிருந்து உள்ளே. முதலில் தொரட்டியாலும் வெட்டுக்கத்தியாலும் முள்கிளையைக் கழித்து, கவைக்கம்பால் தள்ளி ஒதுக்குங்கள். முள்ளின் மேல் நின்றுகொண்டு மிஷின் ஓட்டவே கூடாது. வளைந்து நிற்கும் தண்டு வில் மாதிரி. வளைவின் உட்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, பிறகு வெளிப்புறத்தில் அறுக்க வேண்டும். நேராக வெளிப்புறத்தில் வைத்தால் தண்டு நீளவாக்கில் பிளந்து முகத்தில் அடிக்கும். ஹவாய் செருப்பு வேண்டாம். கனமான பூட்ஸ், தோல் கையுறை, கண்ணாடி, காதடைப்பு எல்லாம் மிஷினோடு சேர்ந்த செலவுதான். முள் குத்தினால், டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பல வருடமாகியிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுப்புக்கு 2 அடித் துண்டு போதும். மணிக்கட்டைவிடக் கனமானதைப் பச்சையிலேயே கோடாலியால் பிளந்துவிடுங்கள், காய்ந்தபின் கவைப் பகுதியில் ஆப்பு இறங்காது. ஏற்றும்போது பலரும் ஏமாறுவது எடையில். குட்டியானையின் (டாடா ஏஸ் வண்டி) தொட்டி சுமார் 7 அடிக்கு 5 அடி. கோணல் விறகில் பாதிக்கு மேல் இடைவெளிதான் என்றாலும், பச்சை விறகு ஒன்றரை அடி உயரம் வந்தாலே முக்கால் டன்னை நெருங்கிவிடும். வண்டி நிரம்பவில்லையே என்று கேபின் உயரத்துக்கு அடுக்கினால் வண்டியின் ஸ்பிரிங் பட்டை முறியும், டயர் வெடிக்கும். காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளுக்குள் குட்டியானை நுழையாது. முனையில் இறக்கி மீன்பாடி வண்டிக்கு மாற்ற வேண்டும், அந்தக் கூலியையும் மறக்காதீர்கள்.

வெட்ட ஏற்ற காலம் மாசி முதல் வைகாசி வரை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் காய்ந்துவிடும். செங்கல் மேல் கட்டை வைத்து, தரையில் படாமல், காற்றுப் புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். மேலே மட்டும் தார்ப்பாய். பக்கவாட்டையும் மூடினால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு துண்டைத் தட்டிப் பார்த்தால் கணீர் என்று கேட்க வேண்டும், முனையில் நட்சத்திரம் போல வெடிப்பு தெரிய வேண்டும். அடுக்கின் அடியில் வெள்ளை மாவு கொட்டியிருந்தால் வண்டு துளைக்கிறது, அந்தக் கட்டுகளை முதலில் எரித்துத் தீர்த்துவிடுங்கள்.

வாங்கும்போதே இரண்டாவது செயினும் இரண்டு வட்ட அரமும் சேர்த்து எடுங்கள். பாரில் பொறித்திருக்கும் பிட்ச் (செயின் இணைப்புகளின் இடைவெளி), கேஜ் (பாரின் பள்ளத்தில் ஓடும் இணைப்பின் தடிமன்), இணைப்பு எண்ணிக்கை மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாரிமுனையில் "பதினாறு இஞ்ச் செயின்" என்று மட்டும் கேட்டால் வேறு ரகம் கையில் வந்துவிடும், அது ஸ்ப்ராக்கெட்டில் (செயினைச் சுழற்றும் பல்சக்கரம்) உட்காராது.