டெமோ எடுத்தவர்தான் டீச்சர் என்று நம்பி 36,000 ரூபாயைத் தொலைத்தேன்

ஆன்லைன் பாட்டு கிளாஸ் நிறுவனத்திடமிருந்து நேற்று சாயங்காலம் கடைசி பதிலும் வந்துவிட்டது. பணம் திரும்பக் கிடையாதாம். 36,000 ரூபாய். கை இன்னும் படபடக்கிறது. ஆறப்போட்டால் எழுதமாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். ஆன்லைனில் பாட்டு கற்கப் பணம் கட்டப்போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைப் படியுங்கள்.

சின்ன வயதில் ஜண்டை வரிசை என்கிற ஆரம்பப் பயிற்சியோடு நின்றுபோன கர்நாடக சங்கீதம் எனக்கு. இத்தனை வருஷம் கழித்து மறுபடி ஆசை வந்தது. வேலையையும் வீட்டையும் விட்டு வெளியே போய்க் கற்க முடியாது. வாத்தியார்களையும் மாணவர்களையும் சேர்த்துவைக்கும் ஒரு இணைய நிறுவனத்தின் விளம்பரம் போனில் வந்துகொண்டே இருந்தது. வழக்குப் போடும் எண்ணம் இருப்பதால் பெயரை எழுதவில்லை. இலவச டெமோவுக்குப் பதிவு செய்தேன்.

அந்த அரை மணி நேரத்தில்தான் விழுந்தேன். டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும். பாட ஆரம்பிப்பதற்கு முன்பே, "உங்க சுருதிப் பெட்டி விட்டு விட்டுக் கேக்குதும்மா. செட்டிங்ஸ்ல ஒரிஜினல் சவுண்டை ஆன் பண்ணுங்க" என்றார். வீடியோ கால் செயலிகள் இடைவிடாமல் ஒலிக்கும் சுருதியை ஃபேன் சத்தம் மாதிரி எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும், அப்படியே விட்டால் குரலின் நெளிவும் தேய்ந்துபோகும் என்று பொறுமையாக விளக்கினார். மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் சரளி வரிசை பாடினேன், ச ரி க ம என்று ஏறி இறங்கும் முதல் பாடம் அது. கண்ணை மூடிக் கேட்டார். 'க'வைக் காந்தாரம் என்றும் 'ம'வை மத்யமம் என்றும் சொல்வார்கள். "ஏறும்போது காந்தாரம் சரியா நிக்குது. இறங்கும்போதுதான் கொஞ்சம் கீழ போயிடுது. மத்யமத்துல ஒரு நிமிஷம் நின்னுட்டு இறங்குங்க." இறங்கினேன். சேர்ந்தது. சுருதியோடு குரல் ஒட்டிக்கொண்ட அந்த நொடியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நெட்வொர்க் வழியாகவே இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிற காது கிடைத்துவிட்டது, இனி என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

பத்தே நிமிஷத்தில் விற்பனை ஆள் கூப்பிட்டார். "இவங்களேதான் மேம் உங்க டீச்சர். உங்களுக்கு மட்டும் தனி கிளாஸ். வாரம் ரெண்டு, மொத்தம் 96 கிளாஸ். இன்னைக்கே கட்டினா 36,000தான்." யுபிஐயில் மொத்தமாகக் கட்டினேன். எழுத்தில் ஒரு வரி வாங்கவில்லை.

முதல் வகுப்பு ஒன்பதாம் நாள்தான் நடந்தது. திரையில் வேறு டீச்சர், கூடவே பதினோரு பேர். டெமோ டீச்சர் எங்கே என்று கேட்டால், "அவங்க லீவு மேம், அடுத்த வாரம் வந்துடுவாங்க" என்றார்கள். எல்லார் மைக்கையும் அணைத்துவிட்டு, "என்கூடச் சேர்ந்து பாடுங்க" என்றார் புது டீச்சர். சேர்ந்து பாட 30 மில்லி விநாடி தாமதமே அதிகம். வீடியோ காலில் அதைவிடப் பல மடங்கு ஆகும். அதனால்தான் ஆன்லைனில் டீச்சர் ஒரு வரி பாட, நாம் திருப்பிப் பாட, அவர் திருத்துகிற முறைதான் வேலைக்கு ஆகும். மைக்கை அணைத்துவிட்டால் திருத்துவது எப்படி? ஏழு வகுப்பில் நாலு டீச்சர். ஏழாவதில் பதிவு செய்த வீடியோவை ஓடவிட்டார்கள். என் காந்தாரத்தை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்" என்ற அதே மெயில் ஆறு முறை வந்தது. சாட்டில் கேட்டால் மெயில் அனுப்பச் சொன்னார்கள். விற்பனை ஆள் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார். கடைசியில் சொன்ன காரணம்தான் வயிற்றெரிச்சல்: பணம் கட்டிய ஏழு நாளுக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். முதல் வகுப்பையே ஒன்பதாம் நாள் வைத்துவிட்டு!

மனசு கேட்காமல் கணவர் எண்ணிலிருந்து இன்னொரு டெமோ பதிவு செய்தேன். திரையில் வந்தது அதே டீச்சர். என்னைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "நான் டெமோ மட்டும்தான் எடுக்கறேன்மா. ஒரு டெமோவுக்கு இவ்வளவுன்னு தருவாங்க. நீங்க சேர்ந்ததுகூட எனக்குத் தெரியாது" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நன்றாகச் சொல்லித்தரத் தெரிந்தவரைத் தூண்டிலில் புழுவாக மாட்டிவைத்திருக்கிறார்கள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது தெம்பில்லை. டெமோ எடுப்பவரே கடைசிவரை கற்றுத்தருவாரா, தனி வகுப்பா என்று எழுத்தில் வாங்குங்கள். மாதாமாதம் கட்டுங்கள், மொத்தமாக வேண்டவே வேண்டாம். பணம் திரும்பத் தரும் கெடு எந்த நாளிலிருந்து என்று படியுங்கள். விற்பனை ஆளின் பேச்சைப் பதிவு செய்யுங்கள், நான் செய்யவில்லை. முடிந்தால் தெரிந்தவர் மூலம் ஒரு டீச்சரை நேரடியாகப் பிடித்து, அவரிடமே ஆன்லைனில் கற்றுக்கொள்ளுங்கள்.

இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரை இருந்தால் வழக்குக் கட்டணமும் இல்லை. 36,000 ரூபாய் ரசீதும் அந்த ஆறு மெயிலும் பிரிண்ட் எடுத்தாயிற்று. இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே போடுவோம்.